கலாநிதிப் பட்டம் ஐந்து ஆண்டுகளைத் தின்னுமா?

கல்லடியான்: "பொறியியல் படித்தவன் கலாநிதிப் பட்டத்துக்கு (பிஎச்.டி.) போனால் ஐந்து ஆண்டுகள் மண்ணாகிப் போகும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதை வாசித்துச் சிரித்தேன். மூன்று ஆண்டுகள், ஐயா. என் தம்பி இங்கிலாந்தில் முடித்தான். ஐந்து என்பது யாருடைய கணக்கு?

உன்னிச்சைக்காரன்: என்னுடைய கணக்குத்தான். அமெரிக்காவில் முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதற்குப் பிறகுதான் முழுநேர ஆய்வு. என்னோடு பேராதனையில் படித்த ஒருவர் ஆறாம் ஆண்டிலும் மேற்பார்வையாளரின் திருத்தத்துக்குக் காத்திருந்தார்; அந்த ஆண்டுகளில் நான் பட்டயப் பொறியியலாளராகி, மாரி மழையில் நடுச்சாமத்தில் குளத்து வான்கதவடியில் நின்று, டோர்ச் வெளிச்சத்தில் நீர்மட்டக் கோலை வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து என்றால் ஐந்துதான்.

கல்லடியான்: கோல் வாசிக்கப் பொறியியல் பட்டமே எதற்கு? மூன்று ஆண்டுகள் என்றேன். மறுமொழியில் மழைதான் பெய்கிறது.

ஒலுவில் மாணவி: நீங்கள் இருவரும் இரண்டு நாடுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2012இல் தொடங்கிய எங்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் நான் இறுதியாண்டில் இருக்கிறேன். விரிவுரையாளராக நிலைப்பதற்கு முதுதத்துவமாணி (எம்.பில்.) அளவிலாவது ஆய்வுப் பட்டம் வேண்டும். கட்டுமானத் தளத்துக்குப் போனால் அதை எவரும் கேட்கமாட்டார்கள். கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்காத இடத்தில் கடன்பட்டுப் படிக்கலாமா என்பதே என் கேள்வி.

கல்லடியான்: தங்கச்சி, முதலில் ஆண்டுக் கணக்குத் தீரட்டும்.

அக்கரைப்பற்றான்: முன்பு இங்கே நடந்த கல்லடிப் பாலத்து விளக்குகளைப் பற்றிய சண்டையிலும் இவருடைய தம்பிதான் சாட்சிக்கு வந்தார். அவர் உண்மையில் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்?

கல்லடியான்: மூன்றரை. ஆய்வேட்டைக் கையளித்த பின் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மாதங்களைப் படிப்பில் சேர்ப்பது நேர்மையா? தம்பியை இழுப்பவர்கள் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்காகத் தாங்கள் எடுத்த இசட் புள்ளியை முதலில் இங்கே எழுதட்டும்.

உன்னிச்சைக்காரன்: மூன்று மூன்றரையாகிவிட்டது. பொழுதுபடுவதற்குள் ஐந்தாகும். பல்கலைக்கழகம் தந்த படிப்பு விடுப்பில் வெளிநாடு போய்த் திரும்பாத விரிவுரையாளர்களுக்குப் பிணை நின்ற மாமனார்மாரின் கண்ணீரையும் இவர் ஒரு தடவை கணக்கிட்டால் நல்லது.

கல்லடியான்: என் தம்பி எவரையும் பிணை வைத்துப் போகவில்லை. மூன்று ஆண்டுகள்.

ஒலுவில் மாணவி: உதவித்தொகையைப் பற்றி யாராவது சொல்வீர்களா?

கல்லடியான்: தம்பிக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கும் கிடைத்தது.

அக்கரைப்பற்றான்: மற்ற அரை ஆண்டு?