பிள்ளை பிறந்த பின் பாடசாலைக்கும் வீட்டுக்கும் என்ன உடுப்பது, எதை வாங்குவது?

பரந்தன் ஆசிரியை எழுதியது:

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம். எனக்கு இது முதற்பிள்ளை. பெண்பிள்ளை, மூன்று மாதம் கடந்துவிட்டது. முழுச் சம்பளத்துடனான 84 வேலைநாள் பிரசவ விடுமுறை அடுத்த மாதம் முடிகிறது. அரைச் சம்பள விடுமுறையைத் தொடர்ந்து எடுக்க எங்கள் வீட்டு நிலைமை இடங்கொடுக்காததால், மீண்டும் சேலை உடுத்து, பரந்தனிலிருந்து கிரவல் வீதியால் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகத் தொடங்க வேண்டும். பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டில் அம்மா பிள்ளையை வைத்திருப்பார். இடைவேளை மணி அடித்தவுடன் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

என் கவலை முழுவதும் அந்த இடைவேளையைப் பற்றியது. தோளில் மடிப்பெடுத்து ஊசி குத்திய சேலையோடு பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. பழைய பிளவுஸ்கள் எதுவும் இப்போது பொருந்தவில்லை. ஆறு மாதத்தில் உடம்பு மீண்டும் மாறும் என்கிறார்கள். அப்படியானால் புதிதாகத் தைப்பது வீண் செலவா? வீட்டில் நைட்டியோடு காலம் போகிறது. ஆனால் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போகும்போது, பார்வைக்கு நன்றாகவும் பால் கொடுக்க இலகுவாகவும் இருக்கும் உடுப்பு ஒன்றும் என்னிடம் இல்லை. கிளிநொச்சிக் கடைகளில் பால் கொடுக்கும் தாய்மாருக்கான ஆயத்த ஆடைகள் மிகக் குறைவு. இருப்பவையும் பொலியெஸ்டர் துணி. நம் வெயிலுக்கு அதை எப்படி உடுப்பது?

கனடாவில் இருக்கும் மச்சாள் பிள்ளைக்கு என்ன அனுப்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எதைக் கேட்பது, எதை வேண்டாம் என்பது என்றும் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்புத் தையல் அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் பிளவுஸ் பற்றிச் சொல்கிறேன். புதிதாகத் தைப்பது வீண் செலவில்லை, தைக்கிறவரிடம் சரியாகச் சொல்லித் தைப்பித்தால். பால் நிறைந்திருக்கும் நேரத்தில், அதாவது பிள்ளைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் பால் கொடுக்காமல் இருந்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். காலையில் பால் கொடுத்த கையோடு வந்து அளவு கொடுப்பவர்களின் பிளவுஸ் மத்தியானமே இறுக்கிப் பிடிக்கும். இரண்டு பக்கத் தையலிலும் ஓர் அங்குலத் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். பிள்ளை சாப்பிடத் தொடங்கிப் பால் குறையும்போது, பழைய தையலுக்கு உட்பக்கமாக ஒரு தையல் கூடுதலாக ஓடினால் அதே பிளவுஸ் பொருந்தும். அடுத்த பிள்ளைக்குப் பிரித்தும் விடலாம்.

முன்பக்கக் கொக்கி நம் ஊரில் வழமையானதுதான். ஆனால் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் நெஞ்சு முழுவதும் திறந்துவிடும். ஆகவே கீழ்ப்பக்கத்து மூன்று கொக்கிகளுக்குப் பதிலாக அழுத்தும் பொத்தான் வைத்து, பிளவுஸை வழமையைவிட ஒன்றரை அங்குலம் நீளமாகத் தைப்பித்தால், கீழே மட்டும் திறந்து மேலே உயர்த்திச் சேலைத் தலைப்புக்குள்ளேயே பால் கொடுக்கலாம். ஒரு கையால் இழுத்தால் திறந்துவிடும். மற்றக் கை பிள்ளைக்கு.

தோள் ஊசிக்கு ஒரு வழி இருக்கிறது. பிளவுஸின் இடது தோளில் இரண்டு அங்குல நீளமான ஒரு சிறு பட்டியைத் தையுங்கள். அதன் ஒரு நுனி தோள் தையலில் நிரந்தரமாக இருக்க, மற்ற நுனியில் அழுத்தும் பொத்தான் வர வேண்டும். மடித்த தலைப்பை அந்தப் பட்டிக்குள் கொடுத்து அழுத்தினால் மடிப்பு நழுவாது, ஊசியும் தேவையில்லை. பிள்ளையின் கன்னம் படுகிற இடத்தில் ஊசி இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். என்னிடம் வரும் ஆசிரியைமாருக்கு இதைக் கேட்காமலே தைத்துக் கொடுக்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை, பிளவுஸுக்குப் பொப்லின், வெளியே போகும் பஞ்சாபிச் சட்டைக்கு வொயில் அல்லது மெல்லிய கைத்தறி என்று மீற்றர் கணக்கில் வாங்கித் தைப்பித்தால், ஆயத்த ஆடையைவிட எப்போதும் நன்றாக இருக்கும். 45 அங்குல அகலத் துணியில் முழங்கால் தாண்டிய சட்டைக்கு இரண்டரை மீற்றர் போதும். நெஞ்சுக்குக் கீழே ஒரு வெட்டுக் கொடுத்து, மேற்பகுதித் துணி அதன் மேல் நான்கு அங்குலம் விழும்படி தைத்தால், பால் கொடுக்கும் திறப்பு இருப்பதே வெளியில் தெரியாது. பக்கச் சிப் வைப்பதும் உண்டு. ஆனால் சிப்பின் பல் பிள்ளையின் தோலைக் கிள்ளக்கூடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. வெட்டும் முன் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டுக் காயவிடுங்கள். பருத்தித் துணி சுருங்குவது முதற் கழுவலில்தான்.

நிறத்தையும் யோசித்து எடுங்கள். இள நீலம், இளம் ரோஜா, சாம்பல் ஆகிய வெறும் நிறங்களில் பால் கசிந்த ஈரம் உடனே தெரியும். சிறு பூப்போட்ட துணியிலும் வெள்ளையிலும் கருநிறத்திலும் அவ்வளவாகத் தெரியாது. கிரவல் செம்புழுதிக்குள் போகிறவருக்கு வெள்ளை சரிவராது. ஆகவே கபிலம், கடும்பச்சை, மெரூன் நிலத்தில் சிறு பூ என்பதே என் தெரிவு.

குருமன்காட்டு அம்மா எழுதியது:

தையல் அக்கா சொன்னவை யாவும் சரி. நான் பிள்ளைப் பொருட்களைப் பற்றி எழுதுகிறேன். மூன்று பிள்ளைகளை வவுனியாவில் வளர்த்தவள் என்ற முறையில் ஒன்றைத் திடமாகச் சொல்வேன்: முதல் ஆறு மாதத்துப் பிள்ளைக்குத் தேவைப்படும் பொருட்கள் மிகச் சில. நப்கின், முன்பக்கம் கட்டும் பருத்திச் சட்டைகள், நுளம்பு வலை, நல்ல ஏணைச் சேலை, விரிப்புக்கு றப்பர் சீற் ஆகியவற்றோடு நிறுத்தினாலும் பிள்ளைக்குக் குறையொன்றும் வராது. பிறந்த பிள்ளை ஐந்தாம் மாதமளவில் பிறப்பு நிறையின் இருமடங்காகிவிடுவதால், அழகாக இருக்கிறதென்று ஒரே அளவில் அடுக்கி வாங்கிய சட்டைகள் மடிப்புக் குலையாமல் இருக்க, பிள்ளை வளர்ந்துவிடும்.

பம்பஸ் பெரிய பொதியாக வாங்கினால் மலிவு என்பது உண்மை. ஆனால் அளவு பிள்ளையின் நிறையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் கடைசியாகக் குறித்த நிறையைப் பார்த்து, பொதியில் அச்சிட்ட நிறையின் மேல் எல்லையை நெருங்கியிருந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். பயணத்துக்கும் கிளினிக் நாளுக்கும் இரவுக்கும் பம்பஸ், பகலில் வீட்டில் நப்கின் என்று வைத்தால் செலவும் குறையும், தோலுக்கும் காற்றுப் படும்.

நப்கின் கழுவுவதில்தான் நம் வன்னித் தண்ணீர் சிக்கல் தருகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல கிணறுகளின் நீர் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் அந்த நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து வெண்மையான கசடாகித் துணி இழைகளில் தங்கிவிடுகிறது. சில கிழமைகளில் நப்கின் அப்பளம் போல விறைத்து, ஈரத்தை உறிஞ்சாமல், பிள்ளையின் தொடையையும் உரஞ்சத் தொடங்கும். இதற்குச் சலவைத்தூள் கட்டிச் சவர்க்காரத்தைவிட நல்லது. நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் சிறிது வினாகிரி கலந்து பிழிந்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்த கழுவல்நீர் கிடையாது. பீப்பாயை மட்டும் நுளம்பு புகாதபடி மூடி வையுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களை நப்கினுக்குப் போடாதீர்கள். அவை இழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கின்றன.

கனடா மச்சாளிடம் பால் எடுக்கும் கைப் பம்பு ஒன்றும், பால் கொடுக்கும் தாய்மார் அணியும் பருத்தி உள்ளாடைகளும், மெல்லிய மஸ்லின் துணிகளும் கேளுங்கள். அவை இங்கே நல்ல தரத்தில் கிடைப்பது கடினம். பஞ்சு வைத்த குளிர்கால உடுப்பு வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளையை உள்ளே இருத்தி ஓடவிடும் சில்லு வைத்த நடைவண்டியையும் யாராவது இங்கே வாங்கித் தர வந்தால் மறுத்துவிடுங்கள். பிள்ளைகள் விழுந்து தலையில் அடிபடுவதால் கனடாவிலேயே 2004இலிருந்து அதன் விற்பனை தடைசெய்யப்பட்டிருக்கிறது. தள்ளுவண்டியின் சின்னச் சில்லுகள் கிரவலில் புதையும். நகரத்தில் நடைபாதை உள்ள வீதியில் வசிப்பவருக்கு மாத்திரம் அது பயன்படும்.

மாங்குளத்துத் தங்கை எழுதியது:

நான் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். தனியார் துறையில் இருக்கும் தாய்மாருக்காக ஒரு விடயம்: பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணித்தியால வேலைநேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளைகள் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இதில் சேராது. கேட்கத் தயங்காதீர்கள்.

முல்லைத்தீவுக் குடும்பநல உத்தியோகத்தர் எழுதியது:

உடுப்பும் உடல்நலமும் இங்கே சேர்ந்தே வருவதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இறுக்கமான பிளவுஸும் உள்ளே கம்பி வைத்த உள்ளாடையும் மார்பின் ஒரு பகுதியைத் தொடர்ந்து அழுத்தினால் அங்கே பால் கட்டிக்கொள்ளும். கட்டி போல் தட்டுப்பட்டு, சிவந்து, காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். பால் கொடுப்பதையும் நிறுத்தாதீர்கள். கசிவுக்குக் கடையில் வாங்கும் பட்டைகள் உள்ளே பிளாஸ்ரிக் வைத்தவையாக இருந்தால் வியர்த்துப் புண்ணாகும். பழைய வேட்டித் துணியை உள்ளங்கையளவு வட்டமாக வெட்டி, நான்கு மடிப்பாகச் சேர்த்துத் தைத்தால் மிக நல்ல பட்டை கிடைக்கும். நனைந்தவுடன் மாற்றுங்கள்.

சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்றவர்கள் பாவாடை நாடாவைப் பற்றிக் கேட்பார்கள். வெட்டுத் தழும்பு அடிவயிற்றில் மிகக் கீழே இருக்கிறது. தொப்புள் மட்டத்தில் கட்டும் அகலப்பட்டிப் பாவாடை அதன் மேல் படாது. இடுப்பின் கீழே நிற்கும் இலாஸ்ரிக் காற்சட்டைதான் உரஞ்சும்.

பிள்ளைக்கான பொருட்களில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பேபி கொலோனும் பவுடரும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அன்போடு கொண்டு வருகிறார்கள். கொலோனில் மதுசாரம் இருக்கிறது. பிஞ்சுத் தோலில் நேரே பூசுவதற்கு அது ஏற்றதன்று. பவுடரைத் தட்டும்போது எழும் தூள் பிள்ளையின் சுவாசத்துக்குள் போகிறது. வேர்க்குருவுக்கு நல்ல மருந்து குளிப்பாட்டலும் தளர்ந்த பருத்திச் சட்டையும் காற்றும்தான். கடை மையில் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால் கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். கண்ணூறுக்குப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று அம்மம்மா சொன்னால் உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள், அவர் மனமும் நோகாது. வசம்பு வளையலும் கறுப்பு மணிக் காப்பும் கையில் இருந்தால் மூன்று நான்கு மாதத்தில் வாய்க்குப் போய்விடும், கழற்றி வையுங்கள்.

ஆசிரியைத் தங்கைக்கு: இடைவேளையில் நேரே கொடுப்பதே மிகச் சிறந்தது. அது முடியாத நாளுக்காகப் பால் எடுத்து வைப்பதானால், குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாள் வரை வைக்கலாம். வெளியில் 25 பாகை வரையான வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் என்பது கணக்கு. நம் மத்தியானம் அதற்கு மேலே போவதால், பையில் ஐஸ் இல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தண்ணீரும் தேவையில்லை, தாய்ப்பால் மட்டும் போதும்.

பரந்தன் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மச்சாளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். தையல் அக்காவிடம் ஒரு கேள்வி: அலுமாரியில் இருக்கும் பழைய பிளவுஸ்களில் உட்துணி விடவில்லை. அவற்றைப் பெரிதாக்க வழி உண்டா? சேலைகளுக்குப் பொருந்திய நிறங்கள் என்பதால் விட மனமில்லை. புதிய கைத்தறிச் சேலையின் சாயம் போகுமா என்று வாங்கும் முன் அறிய முடியுமா?

புதுக்குடியிருப்புத் தையல் அக்கா எழுதியது:

வழி உண்டு. கமக்கட்டிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, நடுவில் ஒன்றரை அங்குல அகலப் பட்டி ஒன்றை இணைத்தால் போதும். சேலையோடு வந்த மிச்சத்துணி இருந்தால் அதிலேயே வெட்டுங்கள். இல்லாவிட்டால் அதே நிறத்துப் பொப்லின் எடுங்கள். கைக்குக் கீழே வருவதால் வேறுபாடு தெரியாது. கைச்சுற்று இறுக்கமென்றால் அதே பட்டியைக் கைத்தையலுக்குள்ளும் சிறிது தூரம் கொண்டு போகலாம்.

சாயத்துக்கு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சேலையின் உள்முனையில் கடைக்காரரின் அனுமதியோடு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அது பிள்ளையின் வாய்க்கும் வரும். வேறு சேலை பாருங்கள். தோளில் சாய்ந்த பிள்ளை முதலில் சப்புவது தலைப்பைத்தான்.

பிளவுஸ்களைப் பிரித்துத் தைக்க ஒரு கிழமை வேண்டும். விடுமுறை முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள், பாடசாலை தொடங்கும் கிழமையில் எல்லாத் தையற்கடையிலும் சீருடை வேலை நிறைந்திருக்கும்.