குக்ரியோடு போன எங்கள் சித்தப்பா

ஒவ்வொரு டிசம்பர் 9-ம் தேதியும், 1971-ல் அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியைப் பற்றி யாராவது எழுதுவார்கள். பெரும்பாலும் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவைப் பற்றித்தான் இருக்கும். தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனவர், மகாவீர் சக்ரா பெற்றவர். அவரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் அன்று போனவர்கள் 194 பேர். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அந்த 176 பேரில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர். வயது 21.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சித்தப்பா பள்ளிக்கூடம் முடித்ததும் கடற்படையில் சேர்ந்தார். லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி, அப்புறம் குக்ரியில் ஸ்டோக்கர், அதாவது பாய்லரைக் கவனிக்கிற வேலை. நீராவியில் ஓடும் கப்பல் அது. பாய்லரும் இன்ஜினும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். வாட்ச், அதாவது முறைவேலை, முடிந்து மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்குவதுதான் பெரிய சுகம் என்று ஆச்சிக்கு எழுதியிருந்தார்.

1971 போரில், டையூவுக்கு அப்பால் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்து அதைத் தேடத்தான் குக்ரியும் கிர்பான் என்ற இன்னொரு போர்க்கப்பலும் போயின. ஆனால் ஹங்கோர் என்ற அந்த நீர்மூழ்கி இவர்களை முந்திக்கொண்டது. இரவு ஒன்பது மணி ஆவதற்குள் டார்ப்பிடோ பாய்ந்தது. சில நிமிடங்களில் கப்பல் முழுகிவிட்டது. மேல்தளத்தில் இருந்தவர்களுக்காவது குதிக்க நேரம் கிடைத்தது. விளக்கு அணைந்த பிறகு, கீழே இருந்தவர்கள் ஏணியைத் தேடிப் பிடித்து ஏறி வருவதென்பது நடக்கிற காரியமா?

வீட்டுக்குத் தந்தி வந்தது. காணவில்லை என்றுதான் இருந்தது. அது போதும் ஆச்சிக்கு. காணவில்லை என்றால் எங்கோ இருக்கிறான் என்று அர்த்தம். மீன்பிடிப் படகில் ஏற்றியிருப்பார்கள், கராச்சியில் சிறையில் வைத்திருப்பார்கள் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். 1972 டிசம்பரில் பாகிஸ்தான் நம் போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பியபோது, தினமும் பேப்பரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதுவரை வீட்டில் சித்தப்பா படத்துக்கு மாலை போட விடவில்லை.

அதற்கடுத்த வருடம்தான் சித்தப்பாவுடைய கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் குக்ரியில் இருந்து தப்பியவர். நான் அப்போது சின்னப் பையன். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நிலா எழாத இருட்டில், எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்ததையும், மறுநாள் ஐ.என்.எஸ். கச்சால் வந்து தூக்கியதையும் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். ஆச்சி அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு ராத்திரி எம்புள்ள சாப்பிட்டானாய்யா?"

"சாப்பிட்டாம்மா. எட்டு மணி வாட்ச்னா ஏழரைக்கே சாப்பிட்டுருவோம். எம்பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டான். அதுக்கப்புறம்தான் கீழ எறங்கினான்."

ஆச்சி அழுதது அப்போதுதான். மகன் எந்த இடத்தில் இருந்தான், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று கண்ணால் பார்த்தவர் சொன்ன பிறகு, கராச்சி என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. சில நாள் கழித்து அப்பா பஞ்சாங்கம் பார்த்து, கார்த்திகை தேய்பிறை அஷ்டமி என்று திதி குறித்தார். அன்றிலிருந்து வருடா வருடம் தாமிரபரணிக் கரையில் கொடுத்து வருகிறோம்.

டையூவுக்கு நான் போனது ரொம்பப் பிற்பாடு. கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். அதே பெயரில் பின்னால் வந்த இன்னொரு குக்ரியும் 2021-ல் ஓய்வு பெற்று, டையூவிலேயே அருங்காட்சியகத்துக்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஹங்கோர் கராச்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை ஒருமுறை பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்குள்ளும் இருபது வயசுப் பையன்கள்தான் இருந்திருப்பார்கள்.

டெல்லி தேசியப் போர் நினைவகத்துக்குப் போகிறவர்கள் தியாக சக்கரத்தின் கல் சுவர்களைப் பொறுமையாகப் பாருங்கள். கடலில் போனவர்களுக்குச் சமாதி கிடையாது. வீட்டார் கையை வைத்துத் தொட ஓர் இடம் என்றால், பெயர் பொறித்த அந்தக் கல்தான்.

குக்ரியில் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், நாலு வரியாவது எழுதுங்கள். எந்த ஊர், கப்பலில் என்ன வேலை, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் சித்தப்பாவை வீட்டில் எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள்.