அப்பாவுக்குக் கொதித்தது, ஆனால் காய்ச்சல் இல்லை

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். போன மார்ச்சில் ஒரு மதியம், மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். தொட்டால் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. பேச்சு குழறியது, என்னைப் பார்த்துச் செத்துப்போன சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா 2 பனாடோலை (பாராசிட்டமால் மாத்திரை) நீட்டி, போர்வையும் போர்த்திவிட்டார்.

நல்ல வேளை, பக்கத்து வீட்டு அக்கா முன்பு மிஸ்ஸியாக (நர்ஸ்) இருந்தவர். போர்வையைப் பிடுங்கி எறிந்து, சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து தண்ணீர் ஊற்றி, காற்றாடியைத் திருப்பிவிட்டார். ஆம்புலன்ஸுக்கும் அவர்தான் போன் போட்டார். மருத்துவமனையில் பார்த்தபோதும் உடம்புச் சூடு 40.6 டிகிரி செல்சியஸ்.

கிருமி புகுந்தால் மூளையே உடம்புச் சூட்டின் அளவை உயர்த்தி வைக்குமாம். அதுதான் காய்ச்சல், குளிர் நடுக்கமும் அதனால்தான். பனாடோல் அந்த அளவைத்தான் இறக்கும். அப்பாவுக்கு அளவு ஏறவேயில்லை, வெயிலில் சேர்ந்த சூடு வெளியேறாமல் தங்கிவிட்டது. அதற்கு மாத்திரை கேட்காது என்றார் டாக்டர். அன்று முழுக்கைச் சட்டை, பூட்ஸ், ஒரே ஒரு போத்தல் தண்ணீர். குலைக்கு இவ்வளவு என்று கூலி, மனிதர் நிழலில் உட்காருவாரா?

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்ததா?

பதில் 1
எங்களுக்குத் தலைகீழ் அண்ணே. தங்கச்சிக்கு டிங்கி (டெங்கு). 3 நாள் 39க்கு மேல், நாலாம் நாள் காலை உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. சுரம் விட்டது என்று அம்மா ரசம் சாதம் ஊட்டினார். சாயங்காலம் வயிற்றுவலி, விடாத வாந்தி. டிங்கியில் சூடு இறங்கும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஆபத்தாகும் என்பது வார்டில்தான் தெரிந்தது. உடம்பு வலிக்கு ஐபுபுரோஃபென் வேறு கொடுத்திருந்தோம். இரத்தப்போக்கைக் கூட்டும் என்று மிஸ்ஸியிடம் திட்டு வாங்கினோம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகள் (கிண்ணங்கள்) கவிழ்க்காமல் கிடந்தன. எட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிகிறது.

பதில் 2
எனக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சல். வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு கால்வாயில் இறங்கிக் குப்பை அள்ளினேன். ஒரு வாரம் கழித்துச் சுரம், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. இரண்டு கிளினிக்கில் சாதாரணச் சுரம் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது டாக்டர்தான் "தண்ணியில இறங்கினீங்களா?" என்று கேட்டார். அதுவரை குதிகாலில் இருந்த சிராய்ப்பை நானும் யாரிடமும் சொல்லவில்லை.