ரேடார் படத்தில் வெள்ளம் வெளிச்சமாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களைக் கொண்டு வெள்ளப் பரப்பை வரைய முயல்கிறேன். திறந்த வெளியில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் நீர் புகுந்ததாக உறுதியாக அறிந்த மரக்காடும் குடியிருப்பும் முன்னைவிட வெளிச்சமாகத் தெரிகின்றன. என் கணக்கீட்டில் பிழை உள்ளதா?

மறுமொழி 1:
பிழை இல்லை. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போல ரேடார் அலையை எதிர்ப்பக்கம் தெறிக்கவிடுவதால், செயற்கைக்கோளுக்கு ஏறக்குறைய எதுவும் திரும்புவதில்லை, அதுவே கறுப்பு. நீரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் அடிமரமோ சுவரோ இருந்தால், நீரில் பட்ட அலை அதன் மீதும் மோதி, வந்த திசையிலேயே திரும்பிவிடுகிறது. கறுப்பை மட்டும் கணக்கில் எடுத்தால், மக்கள் சிக்கியிருக்கும் இடங்களே வரைபடத்திலிருந்து விடுபட்டுப்போகும் என்பதுதான் என் கவலை. வெள்ளத்துக்கு முன் அதே சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கறுத்த இடம், வெளுத்த இடம் இரண்டையும் குறியுங்கள்.

மறுமொழி 2:
அலைநீளமும் முக்கியம். சென்டினல்-1 பயன்படுத்தும் சி அலைவரிசையின் அலைநீளம் சுமார் 5.5 செ.மீ.; அடர்ந்த காட்டில் அது பெரும்பாலும் மேல் இலைகளிலேயே சிதறிவிடும். சுமார் 24 செ.மீ. அலைநீளமுள்ள எல் அலைவரிசை இன்னும் ஆழமாக ஊடுருவும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நைசாரில் அந்த அலைவரிசை உள்ளது.

மறுமொழி 3:
காற்று வீசி அலையெழுந்தால் திறந்த நீரும் வெளுக்கும். ரேடார் அலை எட்டாத மலை நிழலும் நீரைப் போலக் கறுக்கும். இடத்துக்கு இடம் தரையின் உயரத்தைக் காட்டும் நிலவுயர மாதிரியைக் கொண்டு நிழலை முதலில் நீக்கிவிடுங்கள்.