134ஆம் பிரிவு: ‘கடமை தவறுதல்’ என்ற சொல் போதுமா?

அன்புடையீர், வணக்கம். வாக்குச்சாவடி அலுவலர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். தேர்தல் பணியில் இருப்பவர் தகுந்த காரணமின்றி, தம் கடமைக்கு மாறாக ஒன்றைச் செய்தாலோ, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலோ 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது அப்பிரிவு. இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல் தேவை. ‘கடமை தவறுதல்’ என்றால் உண்மையான வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை இயந்திரத்திலிருந்து அழிக்க மறந்தவர் மட்டுமே நினைவுக்கு வருகிறார். ‘கடமை மீறல்’ என்றால் வேட்பாளர்களின் முகவர்களை வெளியே நிறுத்திவிட்டு அந்த மாதிரி வாக்குப்பதிவை நடத்தியவர் மட்டுமே வருகிறார்.

மறுமொழி: ‘முறைகோட்டம்’ எனலாம். ‘முறைகோடி மன்னவன் செய்யின்’ என்ற குறளிலேயே சொல் ஆயத்தமாக இருக்கிறது. கோடுதல் தன்வினை, கோட்டுதல் பிறவினை. தானே வளைந்த முறையையும் ஒருவர் வளைத்த முறையையும் பிரித்துச் சொல்ல இதைவிட நுட்பமான வேர் நமக்கு இல்லை. யானையின் கோடு, கோணல், கொடுங்கோல் யாவும் இந்த வளைவின் வழி வந்தவையே.

மறுமொழி: ஐயா, வேர் அழகானது, சட்டத்துக்குப் பொருந்தாது. கோட்டம் என்றாலே உள்நோக்கம் தொனிக்கிறது. 134 உள்நோக்கத்தைக் கேட்பதில்லை. வேட்புமனுவையோ வாக்குச்சீட்டையோ மோசடியாகச் சிதைப்பதைப் பற்றிய 136ஆம் பிரிவுதான் அதைக் கேட்கிறது. அங்கே தேர்தல் பணியாளருக்கு 2 ஆண்டு வரை சிறை. சண்டிகர் மேயர் தேர்தலில் தலைமை அலுவலரே 8 வாக்குச்சீட்டுகளில் மையால் குறியிட்டதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கண்டதே, அது உள்ளாட்சித் தேர்தல், சட்டம் வேறு என்றாலும், கோட்டம் என்ற சொல் அத்தகைய செயலுக்கே தகும். மேலும், அலுவலகங்களில் கோட்டம் என்றால் வருவாய்க் கோட்டம்தான்.

மறுமொழி: வழக்கறிஞர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். அப்படியானால் ‘கடமை வழுவல்’? ‘செய்தக்க அல்ல செயக்கெடும் செய்தக்க செய்யாமை யானுங் கெடும்’ என்ற குறள் இப்பிரிவின் இரு கூறுகளையும் அப்படியே சொல்கிறது. வழு என்ற சொல் இரண்டையும் தாங்கும். காரணம் பற்றி ஏற்கப்படும் வழுவை இலக்கணத்தில் வழுவமைதி என்கிறோம். ‘தகுந்த காரணமின்றி’ என்று சட்டம் சொல்வதும் அத்தகைய அமைதிக்கு இடம் வைத்துத்தான்.

மறுமொழி: பத்து ஆண்டுகளாக இப்பயிற்சியை நடத்துகிறேன். வருபவர்களில் தமிழாசிரியருக்கு வழுவமைதி புரியும். அவருக்கு அடுத்த இருக்கையில் பதிவான வாக்குகளின் கணக்கை எழுதும் படிவம் 17சி-யை முதன்முறையாகக் கையில் வாங்கிப் புரட்டிக்கொண்டிருக்கும் இளநிலை உதவியாளருக்குப் புரியாது. அபராதம் கட்டப்போகிறவருக்கே விளங்காத சொல்லால் அவரை எச்சரிக்க முடியாது. ‘தவறுதல்’ என்றே இருக்கட்டும்.

மறுமொழி: ‘கடமை வழுவல்’ என்பதையே அச்சுக்குக் கொடுத்து, ‘செய்யக்கூடாததைச் செய்வதும் செய்ய வேண்டியதை விடுவதும்’ என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன். பயிற்சியாளர் ஐயா இன்னும் உடன்படவில்லை. 136க்காவது முறைகோட்டத்தை வைத்துக்கொள்ளுமாறு இன்று காலை தனி மடல் வந்திருக்கிறது; அந்தப் பக்கம் அடுத்த வாரம்தான்.