பாடநூல் கலைச்சொல்: ‘இன்டென்ஷனாலிட்டி’ – நோக்கமா, நோக்கா, பற்றியமையா?

முதலாண்டு மெய்யியல் பாடநூலின் ‘மனம்’ அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடறுகிறது. மனநிலைகளுக்கே உரிய அடையாளம் என்று 1874இல் மெய்யியலாளர் பிரென்டானோ காட்டிய இயல்பு: நம்பிக்கையோ அச்சமோ, அது ஏதோ ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும். வரைவில் ‘நோக்கம்’ என்றுள்ளது. மழை பெய்கிறது என்று நம்புகிறவருக்கு நோக்கம் எதுவும் இல்லை; நம்பிக்கைக்குப் பொருள் உண்டு, அவ்வளவே. ‘உள்நோக்கம்’ என்றால் சூது என்று படிப்பார்கள். ‘பற்றியமை’ எனலாமா?

> ‘பற்றியமை’ எனலாமா?

கூடாது ஐயா. ‘செய்தமை’ போல அது இறந்தகாலம் காட்டும் தொழிற்பெயர். இயல்பைச் சொல்லும் சொல்லில் காலம் ஏறக்கூடாது. ‘பற்றுடைமை’ என்று திருத்தினால் ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ முன்னே வந்து நிற்கும். ‘சுட்டுமை’ போதும்.

> ‘சுட்டுமை’ போதும்.

முயற்கொம்பை நினைக்கலாம், சுட்ட முடியாது. நினைக்கப்படும் பொருள் உலகில் இல்லாமலும் இருக்கலாம் என்பதுதானே இங்கே முக்கியம்? பெயர் பொருளைச் சுட்டுவதை விளக்கும் அத்தியாயத்துக்கும் ‘சுட்டு’ வேண்டும்.

இலத்தீன் ‘இன்டெண்டேரே’ இலக்கை நோக்கி நீட்டுவது. வில்லை இழுப்பதற்கும் ஆகும். வில்லுக்கு இலக்கு ‘குறி’. குறி, குறித்தல், குறிப்பு. ஆகவே ‘குறிப்புடைமை’. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பே இருமுறை வருகிறது, 71ஆம் அதிகாரத்திலும் 110இலும். ‘இருநோக்கு இவளுண்கண் உள்ளது’ என்று இரண்டாவது தொடங்குகிறது. நோக்கும் குறிப்பும் அங்கேயே இணைந்துவிட்டன.

> ஆகவே ‘குறிப்புடைமை’.

இன்று ‘குறிப்பு’ என்றால் எழுதிவைக்கும் குறிப்புதான் அம்மா. ஆனால் குறிப்பறிதலை விட்டுவிடாதீர்கள். பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் திறனை 1978இல் உளவியலாளர்கள் பிரிமாக்கும் வுட்ரஃபும் சிம்பன்சியிடம் தேடினார்கள். 1983இல் விம்மரும் பெர்னரும் குழந்தைகளிடம் தவறான நம்பிக்கைச் சோதனையால் (இன்னொருவர் தவறாக நம்புவதைக் குழந்தை உணர்கிறதா என்று பார்ப்பது) ஆராய்ந்தார்கள். அதை ‘மனக் கோட்பாடு’ என்று எழுதி வருகிறோம். ஏதோ ஓர் அறிஞரின் கொள்கை போலத் தெரிகிறது. குறிப்பறிதல் அங்கே அப்படியே பொருந்தும்.

நம் சொல்லுக்கு ‘நோக்குடைமை’ என்கிறேன். கூட்டுச்சொல் வருகிறதா என்பதே சோதனை. ‘நோக்குடைய நிலை’ வருகிறது. ‘நோக்குபொருள்’ வினைத்தொகை, காலம் கரந்திருப்பதால் இலக்கணக் குறையும் இல்லை. ஒன்றுக்கு நம்பிக்கையும் விருப்பமும் உண்டு என்று கொண்டு அதன் நடத்தையைக் கணிக்கும் ‘இன்டென்ஷனல் ஸ்டான்ஸ்’ என்ற மெய்யியலாளர் டெனட்டின் கருத்துக்கு ‘நோக்குடைப் பார்வை’ என்றால் கூறியது கூறலாகும். ‘நோக்குடைமை நிலைப்பாடு’ என்க. மெய்யியலாளர் செர்ல் 1980இல் சொன்ன சீன அறை என்ற கற்பனைச் சோதனையையும் எழுதலாம்: உள்ளே இருப்பவர் விதிப்படி சீன எழுத்துகளை மாற்றித் தருகிறார், அவை எதைப் பற்றியவை என்று அவருக்குத் தெரியாது, விதியைப் பின்பற்றுவதால் மட்டும் நோக்குடைமை பிறக்காது.

நானும் நோக்குடைமைக்கே. நேரமில்லை.

எனக்கும் சரி.

> அவை எதைப் பற்றியவை என்று

விளக்க வந்ததும் ‘பற்றி’தானே உதவியது? தொல்காப்பியச் செய்யுளியலில் ‘நோக்கு’ செய்யுள் உறுப்பு. தமிழ் படித்தவர் அங்கேதான் போவார். பெரும்பான்மைப்படி அச்சிடுங்கள். ஆனால் முதல் இடத்தில் ‘ஒன்றைப் பற்றியதாயிருத்தல்’ என்று விளக்கம் சேருங்கள். அதே அத்தியாயத்தில் வலி குறித்த விவாதம் வருகிறது. ‘வலி நோக்குடையதா?’, ‘வலி எதையாவது பற்றியதா?’ இரண்டையும் மாணவரிடம் படித்துக் காட்டுங்கள். என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.