பொருள்: கொயோட்டிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:
யெல்லோஸ்டோன் பூங்கா பற்றிய ஆவணப்படத்துக்கு வருணனை எழுதுகிறேன். வெள்ளியன்று குரல்பதிவு. ஒரே காட்சியில் ஓநாய்கள் எல்க் மானை அடித்துத் தின்கின்றன. எட்ட நின்று கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நாய்க் குடும்பத்து அமெரிக்கக் காட்டுவிலங்கு) காத்திருக்கிறது, அதற்கும் பின்னால் ஒரு சிவப்பு நரி. கொயோட்டியை 'நரி' என்றால் பின்னால் நிற்பதோடு குழம்பும். 'சிறு ஓநாய்' என்றால் ஓநாய்க்குட்டி என்பார்கள்.

மு. எழுதியது:
'புல்வெளி ஓநாய்'. ஆங்கிலத்திலேயே பழைய பெயர் அதுதான்.

வ. எழுதியது:
மு. ஐயா, புல்வெளி அதன் பழைய வீடு. ஓநாயை மனிதர் ஒழித்த இடங்களிலெல்லாம் பரவி, இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை இருக்கிறது. சிகாகோ நகருக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. யெல்லோஸ்டோனில் அதன் எடை 11–16 கிலோ. ஓநாய் 40க்கு மேல், சிவப்பு நரி சுமார் 5. 1995–96இல் ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டபின் பூங்காவின் வடபகுதியில் கொயோட்டிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கொல்வதன் பெயரையே கொல்லப்படுவதற்கும் வைப்பதா?

1823இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் சே வைத்த அறிவியல் பெயர் கேனிஸ் லாட்ரன்ஸ், அதாவது குரைக்கும் நாய். 'குரைநாய்' என்றால் தெருநாய்தான் நினைவுக்கு வரும். ஆகவே 'குரைநரி'.

ஞா. எழுதியது:
வினைத்தொகை, முக்காலமும் குரைக்கும், நன்று. ஊளையிடுவதும் கீச்சிடுவதும் அடங்குமா என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: குரைத்தல் என்றாலே ஒலித்தல். குரைகடல், குரைகழல். இரண்டு கொயோட்டி சேர்ந்து கத்தினாலே கூட்டமே இருப்பதுபோல் கேட்கும். சுருதியை அத்தனை விரைவாக மாற்றும். 'குட்டி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொல்காப்பியத்தின் மரபியல் நாய்க்குக் குருளை என்கிறது, அடுத்தே 'நரியும் அற்றே'. பெண்ணாயின் பிணவு.

செ. எழுதியது:
"பிப்ரவரியில் இணைசேர்ந்த பிணவு ஏறத்தாழ 63 நாளில் ஆறு குருளை ஈன்றது." ஐயா, இது தொலைக்காட்சிக்கு.

கு. எழுதியது:
நரிக்கு 'ஓரி' என்று ஆட்சியில் இருந்த சொல் இருக்கிறதே! ஈரெழுத்து, வாயசைவுக்கும் வசதி.

வ. எழுதியது:
ஓரி பெரும்பாலும் ஆண் நரி. 'பெண் ஓரி' என்று எழுத நேரும். கொயோட்டிக்கோ இணைதான் எல்லாம்: இரண்டும் சேர்ந்தே எல்லை காக்கும், ஆணும் இரை கொணர்ந்து குட்டிகளை ஊட்டும். போதாததற்குக் கொல்லிமலை வள்ளல் வல்வில் ஓரி வேறு எட்டிப் பார்ப்பார்.

ப. எழுதியது:
கங்காருவை மொழிபெயர்த்தா வைத்தோம்? கொயோட்டி ஆங்கிலச் சொல்லும் அல்ல. மெக்சிகோவின் நாவாட் மொழியில் 'கொயோத்ல்', ஸ்பானியம் வழி வந்தது. அந்தப் பெயரால் தேடினால் பிள்ளைகளுக்குப் படம் கிடைக்கும். குரைநரியைத் தேடினால் இந்த மடல்தான் கிடைக்கும்.

ஞா. எழுதியது:
எனில் 'கொயோட்டு' எனக் குற்றியலுகரத்தில் முடியட்டும். 'டி' ஆங்கில வாய்.

செ. எழுதியது:
நாளை பதிவு. முதல் இடத்தில் 'கொயோட்டி எனும் குரைநரி', பிறகு குரைநரி. பின்னால் நிற்பது செந்நரி. குட்டி குட்டியாகவே இருக்கும்.

கு. எழுதியது:
செந்நரி காதில் செந்நாயாக விழும், எச்சரித்துவிட்டேன். ஓரியை நான் விடவில்லை.